அந்த ஏஐ கம்பனியில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது?

சில மாதங்களுக்கு முன் ஒரு பின்னேரம், வெள்ளவத்தையில் உள்ள என் அலுவலகத்துக்கு ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் வந்தார். தனியார் நிறுவனமொன்றில் 31 வருடம் வேலை செய்தவர். ஊழியர் சேமலாப நிதியில் வந்த காசில் 20 லட்சம் ரூபாயை, மருமகனின் நண்பர்கள் தொடங்கிய ஏஐ ஸ்டார்ட்அப்பில் போட்டிருந்தார். "தம்பி, வரிக்கு இதை எப்படிக் காட்டுறது?" என்று கேட்கத்தான் வந்தார். கையில் இருந்தது ஒற்றைத் தாள். மேலே "முதலீட்டாளர் சான்றிதழ்" என்று பொன்னிற எழுத்து. எத்தனை பங்கு என்று அதில் இல்லை. பங்கா, கடனா என்றுகூட இல்லை. கம்பனிகள் பதிவாளரிடம் இருந்த ஆவணங்களை எடுத்துப் பார்த்தேன். பங்குதாரர்கள் மூன்று பேர். ஐயாவின் பெயர் அதில் இல்லை.

நான் பட்டயக் கணக்காளர். இந்த மாதிரித் தாள்கள் இப்போது அடிக்கடி என் மேசைக்கு வருகின்றன. கொடுத்தவர்கள் யாரும் பேராசைக்காரர்கள் இல்லை. 2023இன் தொடக்கத்தில் 20 வீதத்தைத் தாண்டியிருந்த நிலையான வைப்பு வட்டி பிறகு மளமளவென்று இறங்கியது. வட்டியை நம்பி மருந்துச் செலவைப் பார்த்தவர்கள் வேறு வழி தேடினார்கள். அதே நேரத்தில்தான் ஏஐ செய்திகள் வீட்டுக்குள் வந்தன.

அந்தச் செய்திகள் பொய்யில்லை. 2022 நவம்பர் 30ஆம் திகதி சாட்ஜிபிடி வெளியானது. 2025 மார்ச்சில், அதைச் செய்த ஓபன்ஏஐ கம்பனிக்கு 300 பில்லியன் டொலர் மதிப்பு போட்டு, 40 பில்லியன் டொலர் திரட்டுவதாக அறிவித்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் சிப் செய்யும் என்விடியாவின் சந்தை மதிப்பு 5 ட்ரில்லியன் டொலரைத் தொட்டது. ஆனால் அதே என்விடியா, டீப்சீக் என்ற சீன ஏஐ பற்றிய செய்தியால் அந்த ஆண்டு ஜனவரி 27ஆம் திகதி ஒரே நாளில் ஏறத்தாழ 590 பில்லியன் டொலர் மதிப்பை இழந்தது. இதை என்னிடம் வருபவர்களில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

கணக்காளன் கண்ணுக்கு இன்னொன்றும் படுகிறது. ஓபன்ஏஐயில் 100 பில்லியன் டொலர் வரை போடப்போவதாக 2025 செப்டம்பரில் என்விடியா அறிவித்தது. ஓபன்ஏஐயோ என்விடியாவின் சிப்புகளை வாங்கும் பெரிய வாடிக்கையாளர். கடைக்காரரே வாடிக்கையாளருக்குக் காசு கொடுத்து, தன் கடையிலேயே சாமான் வாங்க வைப்பது போன்றது இது. சட்டவிரோதம் இல்லை. ஆனால் அந்தக் கடையின் விற்பனைத் தொகையை வைத்து ஊரில் எவ்வளவு தேவை இருக்கிறது என்று எடைபோட்டால் தவறிவிடுவோம்.

பெரிய முதலீட்டாளர்களும் ஏமாந்திருக்கிறார்கள். லண்டனின் பில்டர்.ஏஐ என்ற ஸ்டார்ட்அப் 400 மில்லியன் டொலருக்கு மேல் திரட்டியது. மைக்ரோசொப்டும் அதில் காசு போட்டிருந்தது. காட்டிய வருமானம் உண்மையில் வந்ததைவிட மிக அதிகம் என்பது பின்னர் தெரிந்தது, 2025 மேயில் கம்பனி நொடித்துப்போனது. ஆனாலும் ஒரு முதலீட்டு நிதியம் இருபது கம்பனியில் போட்டுப் பதினைந்தை இழந்தாலும் தாங்கும். ஐயா போட்டது ஒன்றே ஒன்றில்.

சரி, கொழும்பில் ஒருவர் "எங்கள் ஏஐ கம்பனியில் சேருங்கள்" என்று கேட்டால் என்ன பார்ப்பது?

முதலில் சட்டம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, தனியார் கம்பனி தன் பங்குகளைப் பொதுமக்களிடம் விற்க முடியாது. பங்குதாரர்களும், ஊழியர்களை விட்டுப் பார்த்தால், 50 பேரைத் தாண்டக் கூடாது. வட்ஸ்அப் குழுவில் 'பங்கு' விற்கிறார்கள் என்றாலே ஏதோ பிழை. பங்கு ஒதுக்கினால் 20 வேலைநாட்களுக்குள் படிவம் 6 மூலம் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தினால் அதன் பிரதியைப் பெறலாம். உங்கள் பெயரும் பங்கு எண்ணிக்கையும் அதில் இருக்க வேண்டும்.

"இப்போது பங்கு இல்லை, பிற்பாடு மாறும்" என்பார்கள் சிலர். 'சேஃப்' என்ற அந்த ஒப்பந்த முறை 2013இல் அமெரிக்காவில் வந்தது. மோசடி இல்லை. ஆனால் வழக்கமாக அடுத்த சுற்று முதலீடு வரும்போதுதான் அது பங்காக மாறும். இங்கே அந்த அடுத்த சுற்று பல கம்பனிகளுக்கு வருவதே இல்லை. அப்போது நீங்கள் பங்குதாரரும் இல்லை, கடன் கொடுத்தவரும் இல்லை. எத்தனை வருடத்துக்குள் மாறாவிட்டால் காசு திரும்பும் என்ற வரி இல்லாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

அப்புறம் வியாபாரம். பல கம்பனிகளின் 'ஏஐ', சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் வெளிநாட்டு மாடலுக்கு மேல் போர்த்திய ஒரு திரைதான். அதுவும் தொழில்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் வெளியே டொலரில் காசு போகிறது, வருமானமோ ரூபாயில். 2022இல் டொலர் சில வாரங்களில் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனதை நாம் மறக்கக் கூடாது. தமிழில் பேசும் சேவை என்றால் செலவு இன்னும் கூடும். ஒரே விசயத்தைச் சொல்ல ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு இந்த மாடல்கள் பெரும்பாலும் கூடுதல் டோக்கன் எடுக்கின்றன. டோக்கன் என்பது மாடல் எழுத்தைப் பிரிக்கும் சிறு துண்டு, கட்டணம் அதன் எண்ணிக்கைப்படிதான். ஆகவே கடந்த மூன்று மாத டொலர் பில்லைக் கேளுங்கள். கருவியை ஆங்கிலத்தில் காட்டினால், நம் வீட்டுத் தமிழில் நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

தானாகவே வர்த்தகம் செய்து தினமும் லாபம் தரும் 'ஏஐ' செயலி என்றால் இவ்வளவு ஆராயத் தேவையே இல்லை, விலகி நில்லுங்கள். அப்படிச் சொல்லித்தான் எம்டிஎஃப்இ என்ற செயலி இலங்கையிலும் ஆள் சேர்த்தது. 2023 ஓகஸ்டில் சரிந்தது. மத்திய வங்கியின் தடைசெய்யப்பட்ட திட்டங்கள் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி, புதிதாக ஆள் சேர்த்து அவர்கள் காசில் ஓடும் பிரமிட் திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, அதைப் பரப்புவதும் குற்றம். மச்சானையும் மாமியையும் சேர்த்துவிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நல்ல ஸ்டார்ட்அப்களும் இங்கே உண்டு. 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் கம்பனியை 2024இல் ஈக்யூடி என்ற வெளிநாட்டு முதலீட்டு நிதியம் வாங்கியது. 19 வருடம்! 65 வயதில் காசு போடுபவர் அந்தக் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஐயாவின் விசயத்தில், அந்த மூன்று பையன்களையும் கூப்பிட்டுப் பேசினேன். ஏமாற்றும் எண்ணம் அவர்களிடம் இல்லை, நடைமுறை தெரியவில்லை. பங்கு ஒதுக்கச் சம்மதித்துவிட்டார்கள். படிவம் 6 என் மேசையில் இருக்கிறது. ஐயாவின் பெயர் எழுதியாகிவிட்டது. எத்தனை பங்கு என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அதைப் பேச அடுத்த புதன்கிழமை எல்லோரும் வருகிறார்கள்.