பெயர்ப் பலகையை மாற்றி வைக்கும் @

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு மென்பொருள் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர், சொந்த ஊர் சென்னிமலை, போன வாரம் இப்படிக் கேட்டார்: "அண்ணா, பைதான்ல ஃபங்ஷனுக்கு மேல @ போட்டு என்னமோ ஒரு பேரு எழுதறாங்க. வெச்சா ஓடுதுங்க, எடுத்தா ஓடமாட்டேங்குதுங்க. உள்ள என்னதானுங்க நடக்குது?"

பைதான் என்பது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் ஒரு நிரல்மொழி. ஃபங்ஷன் என்பது அதில் பெயர் வைத்து எழுதும் ஒரு வேலைத் துண்டு. அந்த @ வரிக்குப் பெயர் டெக்கரேட்டர். பெயரைக் கேட்டால் ஏதோ தோரணம் கட்டுகிற வேலை என்று தோன்றும். நடப்பது வேறு. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாரி நேராக உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவிட்டு வரும். முதலாளி ஒருநாள் வாசலில் எடைமேடை போடுகிறார். இனி லாரி ஏறி நின்று எடை காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும், திரும்பும்போதும் ஏறி நிற்க வேண்டும். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை, அவர்கள் எப்போதும்போல மூட்டை இறக்குகிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மண்டியின் பெயர்ப் பலகை இப்போது எடைமேடையின் முன்னால் நிற்கிறது. மண்டிக்கு வழி கேட்டு வருகிற எல்லா லாரியும் முதலில் எடைமேடைக்குத்தான் வந்து சேரும்.

பைதானில் ஃபங்ஷனும் எண்ணைப் போல, சொல்லைப் போல ஒரு பொருள்தான். இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுக்கலாம், திரும்ப வாங்கலாம். அதற்கு நாம் வைக்கிற பெயர் வெறும் பலகை, கழற்றி வேறொன்றின்மேல் மாட்டலாம். நேராக நிரலுக்குப் போவோம்.

சென்னிமலைக்காரர் கேட்டதால் மலைப்படியையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு எட்டுக்கு ஒரு படியோ இரண்டு படியோ ஏறலாம் என்றால், மொத்தப் படிகளையும் எத்தனை விதமாக ஏறி முடிக்கலாம்? பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். டெஃப், இஃப், நாட் இன், ரிட்டர்ன் ஆகியவற்றை மட்டும் நீங்கள் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

டெஃப் நினைவில்_வை(வேலை):
    ஏடு = {}
    டெஃப் உறை(படி):
        இஃப் படி நாட் இன் ஏடு:
            ஏடு[படி] = வேலை(படி)
        ரிட்டர்ன் ஏடு[படி]
    ரிட்டர்ன் உறை

@நினைவில்_வை
டெஃப் வழி(படி):
    இஃப் படி < 2:
        ரிட்டர்ன் 1
    ரிட்டர்ன் வழி(படி - 1) + வழி(படி - 2)

இதில் உறைதான் எடைமேடை: விடை ஏட்டில் இருந்தால் அதையே எடுத்துக் கொடுக்கும், இல்லாவிட்டால் பழைய ஃபங்ஷனிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும். அந்த @ வரியை எடுத்துவிட்டு, வழி ஃபங்ஷனை எழுதி முடித்தபின் கீழே இந்த ஒரு வரியைச் சேர்த்தாலும் அதே பலன்தான்:

வழி = நினைவில்_வை(வழி)

2004 நவம்பரில் வந்த பைதான் 2.4 வரைக்கும் எல்லோரும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். நீளமான ஃபங்ஷனாக இருந்தால் இந்த வரி எங்கோ அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அதைத் தலைக்கு மேலே கொண்டுவந்து வைத்ததுதான் @ குறி. மாற்றி மாட்டுகிற வேலை ஒரே முறைதான் நடக்கும், பைதான் ஃபைலைப் படித்துக்கொண்டு வரும்போதே. நினைவில்_வை உள்ளே ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள், வழியை யாரும் கூப்பிடுவதற்கு முன்பே எழுத்து திரையில் வந்துவிடும்.

சரி, நினைவில்_வை தன் வேலையை முடித்துப் போய்விட்டது. அதற்குள் பிறந்த ஏடு ஏன் அழியவில்லை? உறை அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய ஃபங்ஷனையும் சேர்த்துத்தான். வழி என்பதோடு ஒரு புள்ளி வைத்து, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்ட குளோஷர் என்ற சொல்லைச் சேர்த்துக் கேட்டால் இரண்டு சின்ன அறைகள் தெரியும். ஒன்றில் ஏடு, மற்றதில் பலகை கழற்றப்பட்ட பழைய ஃபங்ஷன்.

இனிதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் வருகிறது. @ இல்லாமல் வழி(30) என்று கேட்டால் விடை 13,46,269. அதைக் கண்டுபிடிக்க வழி ஃபங்ஷன் 26,92,537 முறை கூப்பிடப்படுகிறது, ஏற்கெனவே போட்ட கணக்கையே திரும்பத் திரும்பப் போடுவதால். @ வைத்தால் உள்ளே இருக்கும் கணக்கு 31 முறைதான் ஓடும். 0 முதல் 30 வரை படிக்கு ஒரு தடவை, அவ்வளவே.

வெளியே நின்று விடையை ஏட்டில் குறித்துவைக்கிற உறை, உள்ளே ஃபங்ஷன் தன்னைத்தானே கூப்பிடுவதை எப்படித் தடுத்துப் பிடித்தது? பழைய ஃபங்ஷனின் உடம்பில் நாம் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லையே? காரணம், அந்தக் கடைசி வரியில் இருக்கும் வழி என்பது "நான்" என்று பொருள்படும் சொல் அல்ல. அது ஒரு பெயர் மட்டும்தான். ஒவ்வொரு முறை அந்த வரிக்கு வரும்போதும், "வழி என்ற பலகை இப்போது எங்கே மாட்டியிருக்கிறது?" என்று பைதான் புதிதாகத் தேடுகிறது. பலகையோ உறையின்மேல். தன்னைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு பழைய ஃபங்ஷன் கூப்பிடுவது உறையைத்தான். மண்டிக்குள் இருப்பவர் தன் சொந்த மண்டிக்கு ஒரு லாரியை அனுப்பினாலும் அது எடைமேடை வழியாகத்தான் வரும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் @ வரியை எடுத்துவிட்டு, வேறு பெயரில் மாட்டிப் பாருங்கள்:

வேக_வழி = நினைவில்_வை(வழி)

இப்போது வேக_வழி(30) கேட்டால் கடைசி விடை மட்டும் ஏட்டில் ஏறும். உள்ளே அதே 26,92,537 கூப்பாடு. ஏனென்றால் வழி என்ற பலகை பழைய இடத்திலேயே இருக்கிறது. உறையும் ஏடும் அப்படியே இருக்க, பெயர் ஒன்று மாறியதில் லட்சக்கணக்கான கூப்பாடு திரும்பி வந்துவிட்டது. முதல்முறை இதை ஓட்டிப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

தினசரி வேலைக்கு இதை நீங்களே எழுத வேண்டாம். பைதானோடு வரும் ஃபங்க்டூல்ஸ் தொகுப்பில் இதே வேலையைச் செய்யும் எல்ஆர்யூ கேஷ் 2011 முதலே இருக்கிறது. சொந்தமாக எழுதுகிறவர்கள் பழைய ஃபங்ஷனின் பெயரை உறைக்கு எடுத்துக் கொடுக்கும் ராப்ஸை அதே தொகுப்பிலிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பெயர் கேட்டால் எல்லா ஃபங்ஷனும் "உறை" என்றே சொல்லும். உறைக்குள் ரிட்டர்னையும் மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டு, சாயக் கணக்கு முழுவதும் "நன்", அதாவது ஒன்றுமில்லை, என்று வந்து, அரைநாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தத் தம்பியின் கேள்வியை நான் மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வைத்தால் ஓடுகிறது, எடுத்தால் ஓடவில்லை என்பதோடு நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள், மந்திரத்தை மனப்பாடம் செய்கிற மாதிரி. ஆயுத பூஜைக்கு என் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறேன், அது வேலைக்குச் செய்கிற மரியாதை. ஆனால் புரியாத வரியை எடுத்து ஒட்டிக்கொள்வது மூடநம்பிக்கைதான். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுப் படித்த ஜி.டி. நாயுடு பிறந்த சீமை இது. நிரலைப் பிரித்துப் பார்க்க ஸ்பேனர்கூட வேண்டாம்.

அப்புறம், சென்னிமலைக்கு 1320 படி. வழி(1320) என்று நேராகக் கேட்டால் பைதான் மூச்சு வாங்கி நின்றுவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக 1000 கூப்பாடுக்கு மேல் அது சாதாரணமாக அனுமதிக்காது, நம் உறையால் ஒரு படிக்கு இரண்டு கூப்பாடு வேறு ஆகிறது. அதனால் முதலில் வழி(400), பிறகு 800, பிறகு 1200, கடைசியாக 1320 என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஏடு பாதி வழியிலேயே கைகொடுக்கும். வரும் விடை 276 இலக்கம்.