காலிக் குழி கூப்பிடும்

சம்ப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் மோட்டாரைக் கழற்றி மாட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை முடிந்ததும் கருவிகளை எல்லாம் அள்ளிப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். மூன்று வாரம் கழித்து பைக் செயினை இறுக்க உட்கார்ந்தபோதுதான் 12-13 ஸ்பேனர் இல்லை என்பதே தெரிந்தது. மோட்டாரின் தகர மூடிக்கு அடியில், மழையில் நனைந்து, செம்மண் நிறத்தில் துருவேறிக் கிடந்தது. அன்று மாலையே தெரிந்திருந்தால் அரை நிமிட வேலை. மூன்று வாரமாக அது காணாமல் போனதே எனக்குத் தெரியவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

வீட்டில் போனது ஒரு ஸ்பேனர். விமானங்களைப் பழுது பார்க்கும் இடத்தில் இதே மறதி வேறு மாதிரி முடியும். 2023 மார்ச் 15 அன்று, அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள லூக் விமானப்படைத் தளத்தில் எஃப்-35 போர் விமானம் ஒன்றின் இன்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். நிறுத்திய பிறகு கருவிகளைச் சரிபார்த்தால் ஒரு கை டார்ச் குறைந்தது. காற்று உள்ளே போகும் வாயிலில் வைத்தபடியே மறந்துபோயிருந்தார்கள். இன்ஜின் அதை உள்ளே இழுத்துவிட்டது. சேதம் சுமார் 39 லட்சம் டாலர். அதே ஆண்டு டிசம்பரில், லாஸ் ஏஞ்சலிஸில், ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவான்டாஸின் ஏ380 விமானத்தில் இன்ஜினைச் சோதித்தபோது 1.25 மீட்டர் நீளமுள்ள ஒரு நைலான் கருவி உள்ளேயே தங்கிவிட்டது. அடுத்த பராமரிப்பில் அதைக் கண்டெடுப்பதற்குள் அந்த விமானம் 34 முறை பறந்திருந்தது, ஏறக்குறைய 294 மணி நேரம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் தொலைந்த கருவியைத் தேடும் நடைமுறையை விமானம் கிளம்பும் முன் தொடங்கவே இல்லை என்று ஆஸ்திரேலிய விசாரணை அறிக்கை எழுதியது.

இந்தப் பயத்தால்தான் விமானக் கூடங்களில் ஒவ்வொரு டூல் பாக்ஸின் டிராயரிலும் ஃபோம் விரித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்துக்கும் ஒரு குழி வெட்டி வைக்கிறார்கள். மேலே கறுப்பு, குழியின் அடியில் மஞ்சளோ சிவப்போ. கருவி உள்ளே இருந்தால் அடி நிறம் மறைந்துவிடும். எடுத்தால் ஸ்பேனர் உருவத்தில் ஒரு மஞ்சள் பளிச்சென்று தெரியும். ஷிப்ட் முடியும்போது டிராயரை இழுத்து ஒரு பார்வை, அவ்வளவுதான். பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் நம் கண்ணும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்பது தெரிந்தால், இதைவிட நல்ல வழி இருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1871இல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னச் சோதனையை எழுதினார். விளிம்பு தணிந்த ஒரு வட்டக் காகிதப் பெட்டியை வைத்துக்கொண்டு, கையில் அள்ளிய கறுப்பு விதைகளை அதை நோக்கி வீசுவார். பெட்டியில் விழுந்தவை எத்தனை என்று எண்ணாமல், பார்த்த மாத்திரத்தில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் எண்ணிப் பார்ப்பது. ஆயிரம் தடவைக்கு மேல் செய்தார். மூன்று, நான்கு விதைகள் என்றால் ஒரு முறைகூடத் தப்பவில்லை. ஐந்திலேயே பிசகத் தொடங்கியது. எண்ணிக்கை ஏற ஏறத் தவறும் ஏறியது.

நம் கண்ணால் எண்ணாமல் அள்ள முடிவது நாலு பொருள் வரைதான். ஒரு டிராயரில் குவிந்து கிடப்பதோ நாற்பது கருவிகள். அதில் ஒன்று குறைவதை வெறும் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. எண்ண வேண்டும், அல்லது பட்டியலோடு ஒப்பிட வேண்டும். களைத்த மனிதன் இரண்டையும் செய்ய மாட்டான், நான் செய்யவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு தாளில் வரிசை வரிசையாக 'ப' எழுதி, நடுவில் எங்காவது ஒரே ஒரு 'ப்' எழுதி வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். சட்டென்று கண்டுபிடிப்பார். இப்போது தாள் முழுக்க 'ப்' எழுதி, ஒரே ஓர் எழுத்தில் மட்டும் புள்ளியை விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றாகத் தேடத்தான் வேண்டியிருக்கும். இருக்கிற புள்ளி தானே முன்னால் வந்து நிற்கிறது; இல்லாத புள்ளியை நாம்தான் தேடிப் போக வேண்டும். பார்வைத் தேடல் பற்றி 1980களில் ஆன் ட்ரைஸ்மன் என்ற உளவியலாளர் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின.

கருவி காணாமல் போவது என்பது விட்டுப்போன புள்ளி மாதிரி. இரண்டு நிற ஃபோம் செய்யும் வேலை, அந்த 'இல்லை'யை ஓர் 'இருக்கிறது' ஆக மாற்றுவது. ஸ்பேனர் போன இடத்தில் புதிதாக ஒரு மஞ்சள் உருவம் பிறக்கிறது. கறுப்புப் பரப்பில் ஒற்றை மஞ்சள். இப்போது கண் தேட வேண்டியதில்லை, அது கண்ணைக் கூப்பிடுகிறது. டிராயரில் பத்துக் குழி இருந்தாலும் ஐம்பது இருந்தாலும் பிடிபடும் நேரம் பெரிதாக மாறாது. அதோடு, காலிக் குழியின் உருவமே காணாமல் போனவரின் பெயரைச் சொல்லிவிடுகிறது. ஒரே நிற ஃபோமில் குழி மட்டும் வெட்டினால் ஒழுங்கு வரும், ஆனால் இந்தப் பாதி பலன் போய்விடும். எனவே செலவு கொஞ்சம் கூடினாலும் இரண்டு நிறத்தை விடாதீர்கள்.

சரி, எந்த ஃபோம்? இங்கேதான் நான் முதலில் ஏமாந்தேன். வீட்டில் மிச்சம் இருந்த ஸ்பாஞ்சை வெட்டிப் போட்டேன். எண்ணெயைக் குடித்தது, மழைக்காலத்து ஈரத்தைக் குடித்தது, ஸ்க்ரூ டிரைவர்களின் இரும்புத் தண்டெல்லாம் துரு. கடைசியில் ஸ்பாஞ்சே பிசுபிசுத்து உதிர்ந்தது.

காரணத்தை இட்லியை வைத்துச் சொல்லலாம். இட்லியின் துளைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கின்றன. அதனால்தான் சாம்பாரில் போட்டால் உள்ளே வரை ஊறுகிறது. ஸ்பாஞ்சும் அப்படித்தான், திறந்த அறைகள். டூல் பாக்ஸுக்கு வேண்டியது மாதுளை மாதிரி, ஒவ்வொரு அறையும் தனித்தனியாக மூடிய ஃபோம். மேலே எண்ணெய் சிந்தினால் துடைத்துவிடலாம், உள்ளே இறங்காது. ஸ்பாஞ்ச் உதிர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பாலியூரிதேன். அதில் எஸ்டர் என்ற வேதிப் பிணைப்புள்ள வகையைக் காற்றின் ஈரமே மெல்ல மெல்ல அறுத்துவிடும். பல வருடம் அலமாரியில் கிடந்த ஷூவின் அடி, போட்ட அன்றே துண்டு துண்டாகக் கழன்று விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேதியியல்தான். தெர்மோகோலும் உதவாது. பெட்ரோல் பட்டால் கரையும், மணி மணியாக உதிரும்.

விமானக் கூடத்து ஃபோம் பெரும்பாலும் பாலித்தீன், அதாவது கேரி பேக்கின் அதே பிளாஸ்டிக். அதை நுரைக்க வைக்கும் விதம் அழகானது. உருகிய பாலித்தீனில் அசோடைகார்பனமைடு என்ற மஞ்சள் பொடியையும், மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடும் ஒரு பெராக்சைடையும் கலக்கிறார்கள். ஏறக்குறைய 200 டிகிரிக்குச் சூடாக்கினால் பொடி சிதைந்து வாயுவை விடுகிறது, பெரும்பகுதி நைட்ரஜன். பஞ்சர் ஒட்டும்போது ரப்பர் இறுகுவதுபோல் சங்கிலிகள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பதால், குமிழியின் சுவர் சூட்டில் நீளுமே தவிர கிழியாது. அதனால்தான் அறைகள் மூடியபடியே நிற்கின்றன.

இன்னொரு முறை, லண்டனின் குரொய்டனில் உள்ள ஸோட்டஃபோம்ஸ் நிறுவனத்துடையது. கெட்டியான பாலித்தீன் தகட்டை ஓர் அழுத்தக் கலத்தில் வைத்து, மிக அதிக அழுத்தத்தில் நைட்ரஜனை அதற்குள் திணிக்கிறார்கள். அழுத்தத்தைக் குறைத்துச் சூடாக்கினால், கோலி சோடாவைத் திறந்ததும் குமிழி பொங்குவதுபோல் தகடே பொங்கி விரிகிறது. நுரைக்க வைக்கும் பொடி எதுவும் சேர்க்காததால் அதன் எச்சமும் இல்லை, உலோகத்தை அரிக்கும் ஆவியும் வராது. இந்த ஃபோமுக்கு ப்ளாஸ்டஸோட் என்று பெயர். அருங்காட்சியகங்களில் பழம்பொருள்களைப் பத்திரமாக வைக்கவும் இதையே உருவத்துக்கு ஏற்றபடி குடைகிறார்கள்.

கெட்டிப் பாலித்தீன் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல் எடை. நல்ல டிராயர் ஃபோம் 30 கிலோ அளவில் இருக்கும். நூற்றில் மூன்று பங்குதான் பிளாஸ்டிக், மீதி வாயு. அந்த மூன்று பங்கின் மெல்லிய சுவர்கள் வளைந்து நிமிர்வதுதான் ஃபோமின் பிடி. ஆனால் கனமான சுத்தியலை மாதக்கணக்கில் வைத்தால் சுவர்கள் வளைந்தபடியே நின்றுவிடும். குழியின் அடி நிரந்தரமாக அமுங்கும். எனவே கனமான கருவிகளுக்குக் கொஞ்சம் அடர்த்தியான ஃபோம் நல்லது.

வெட்டுவதில் பலர் சறுக்குவது கட்டரை அழுத்தும்போது. அழுத்தினால் ஃபோம் முதலில் நசுங்கும், நசுங்கிய நிலையில் அறுபடும், விட்டதும் நிமிரும். குழியின் சுவர் நேராக இல்லாமல் உள்வாங்கி நிற்கும். அரிவாள்மணையில் தக்காளியை நேராக அமுக்கினால் பிதுங்குகிறது, இழுத்து அரிந்தால் சுத்தமாக வருகிறது இல்லையா? இங்கும் அதேதான். அலகு இழுபடும்போது வெட்டத் தேவையான அமுக்கம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அலகை நீளமாக நீட்டி, செங்குத்தாகப் பிடித்து, ஒரே கோட்டில் நாலைந்து முறை மெதுவாக இழுங்கள். முனை மழுங்கியதும் ஒரு துண்டை ஒடித்துவிடுங்கள். ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் இந்தக் கட்டரை 1956இல் உருவாக்கியவர் ஒசாகாவைச் சேர்ந்த யோஷியோ ஒகடா. சாக்லேட் பட்டையைக் கோட்டில் ஒடிப்பதைப் பார்த்து வந்த யோசனை. ஃபோம் வெட்டும் ஒவ்வொரு முறையும் அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்வேன்.

தொழிற்கூடங்களில் கணினி ஓட்டும் ரவுட்டரோ (சுழலும் முனையால் குடையும் கருவி), மெல்லிய நீர்த்தாரையோ, லேசரோ இதைச் செய்கிறது. லேசர் என்றால் ஓர் எச்சரிக்கை: பிவிசி ஃபோமை அதில் வைக்கவே கூடாது, ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும்.

உருவம் வரைவதில் இரண்டு தந்திரம். பென்சிலை நிமிர்த்திப் பிடித்து உயரமான கருவியைச் சுற்றி வரைந்தால், பென்சிலின் பாதித் தடிமன் அளவுக்குக் கோடு தள்ளி விழும். இரு பக்கமும் சேர்த்து ஏழு மில்லிமீட்டர் வரை பெரிதாகிவிடும். கருவி குழிக்குள் ஆடும். பால்பாயின்ட் பேனாவின் வெறும் ரீஃபில்லால் வரைந்தால் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் குறையும். மொபைலில் படம் எடுத்து அச்சிடுபவர்கள் அரை மீட்டர் உயரத்தில் இருந்து எடுக்காதீர்கள். தாளுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே இருக்கும் விளிம்பு கேமராவுக்கு அவ்வளவு நெருக்கம் என்பதால் 4 சதவீதம் பெரிதாகத் தெரியும். 20 சென்டிமீட்டர் ஸ்பேனரில் அது 8 மில்லிமீட்டர். நாற்காலி மேல் ஏறி இரண்டு மீட்டரில் இருந்து ஜூம் செய்து எடுத்தால் 2 மில்லிமீட்டர்தான் பிசகும்.

குழியின் ஆழம் கருவியின் தடிமனில் பாதிக்குச் சற்று மேல் போதும். விரல் நுழைய இரு பக்கமும் பிறை வெட்ட மறக்காதீர்கள். பத்து ரூபாய் நாணயத்தை வைத்து வரைந்தால் அளவு சரியாக இருக்கும், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். குழிகளுக்கு நடுவே ஒரு விரல் அகலமாவது ஃபோம் விடுங்கள். இல்லையென்றால் சுவர் கொஞ்ச நாளில் பிய்ந்து வரும்.

குறையும் உண்டு. குவித்துப் போட்டால் ஒரு டிராயரில் அடங்குவது, குழி வெட்டினால் இரண்டு டிராயர் கேட்கும். புதுக் கருவி வாங்கினால் உட்கார இடம் இருக்காது. அதற்காகவே என் பெட்டியில் ஒவ்வொரு ஷீட்டிலும் ஒரு ஓரத்தை வெட்டாமல் விட்டிருக்கிறேன்.

பழைய பட்டறைகளில் கருவி வாங்கிப் போகிறவர், அது இருந்த ஆணியில் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை மாட்டிவிட்டுப் போவது வழக்கம். கருவி எங்கே, யாரிடம் என்ற இரண்டு கேள்விக்கும் அந்த ஆணியே பதில் சொல்லும். என்னிடம் வில்லை இல்லை, சீட்டுதான். இப்போது மூன்றாவது டிராயரில், மஞ்சள் தெரியும் ஒரு குழிக்குள், மடித்த காலண்டர் தாள் ஒன்று கிடக்கிறது: 'நோஸ் பிளேயர், எதிர்வீட்டு அண்ணன், செவ்வாய்.'