வெர்னியரில் 0.02: மீச்சிற்றளவா, துல்லியமா?

சிறு பொருள்களின் நீளம், தடிமனை அளக்கும் கருவி வெர்னியர் கேலிபர். இதில் வெர்னியர் என்பது ஓர் ஆளின் பெயர். ஓர்னான் ஊரைச் சேர்ந்த பியேர் வெர்னியர், 1631இல் பிரசெல்சில் வெளியிட்ட நூலில் பெரிய கோலை ஒட்டி நகரும் சிறு கோலை விவரித்தார். அதற்கு முன்பே, 1542இல், போர்ச்சுகலின் பெத்ரோ நூனிஷ் நுண்ணிய பிரிவுகளை அளக்க வேறொரு வழி சொல்லியிருந்தார். ஜெர்மானியர் இந்தச் சிறு கோலை இன்றும் 'நோனியஸ்' என்பது நூனிஷ் நினைவில்தான். கேலிபருக்கு மூலம், அச்சு என்று பொருள்படும் 'காலிப்' எனும் அரபுச் சொல் என்பார்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் இந்தக் கருவி வெர்னியர் அளவி. இலங்கையில் வேணியர் இடுக்கி. பொருளைக் கவ்வும் வேலையைச் சொல்வதால் இடுக்கியே மேல். பட்டறையில் இரண்டும் கிடையாது, வெறும் 'வெர்னியர்'தான்.

குழப்பம் வேறிடத்தில். கருவியில் பொறித்த 0.02 மி.மீ.யைத் துல்லியம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது மீச்சிற்றளவு, கருவி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய அளவு, அவ்வளவே. 49 மி.மீ. நீளத்தை வெர்னியர் கோலில் 50 பாகமாக்கினால் ஒரு பாகம் 0.98 மி.மீ.; முதன்மைக் கோலின் 1 மி.மீ.க்கு 0.02 குறைவு. பள்ளிக் கருவியில் 9 மி.மீ.க்கு 10 பாகம், ஆகவே 0.1.

0.02 கருவியில் ஓர் எடுத்துக்காட்டு: வெர்னியர் கோலின் சுழி (0 கோடு) முதன்மைக் கோலின் 24 மி.மீ.யைத் தாண்டி நிற்கிறது. அதில் எழுதிய 2க்கு அடுத்த மூன்றாவது கோடு மேல் கோட்டோடு பொருந்துகிறது. அந்த 2 இரண்டாவது கோடல்ல, பத்தாவது, அதாவது 0.2 மி.மீ. ஆக 13 × 0.02 = 0.26, அளவு 24.26.

பத்து முறை அளந்தும் 24.26 வந்தால் அது நுட்பம். உண்மை அளவுக்கு நெருங்குவதே துல்லியம். பொருளைக் கவ்வும் இரு தாடைகளை வெறுமனே மூடிப் பாருங்கள். வெர்னியர் சுழி வலப்பக்கம் தள்ளி, 2ஆவது கோடு பொருந்தினால் நேர் சுழிப்பிழை 0.04, கழித்தால் 24.22. சுழி இடப்பக்கம் போய் 48ஆவது கோடு பொருந்தினால் பிழை 0.96 அல்ல; 50 − 48 = 2, அதே 0.04, இப்போது கூட்ட வேண்டும். தேர்வுத்தாளில் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

மூடுமுன் தாடையைத் துடையுங்கள். ஒட்டிய பிசிறும் சுழிப்பிழையாகத் தெரியும். சுழி சரியாக இருந்தும் அளவு குறைகிறதா? தாடை நுனியில் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தியிருப்பீர்கள். பொருள் கோலின் நேர்க்கோட்டில் இல்லாததால் நகரும் தாடை சாய்கிறது. பொருளைக் கோலை ஒட்டி உள்ளே தள்ளிப் பிடித்து அளக்க வேண்டும்.