டிஏசிக்குத் தரும் மின்சாரமே அதன் அளவுகோல்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் கொப்பரை உலர்த்தும் கூடம் வைத்திருப்பவர் சென்ற மழைக்காலத்தில் என்னை அழைத்து, "ஏனுங்க, ஃபேன் மூச்சு வாங்குதுங்க" என்றார். அவருடைய தங்கை மகன் தானே கட்டிய கட்டுப்பாட்டுப் பலகை அது. அர்டுயினோ ஊனோ என்னும் மைக்ரோகண்ட்ரோலர் பலகை அனுப்பும் எண்ணை எம்.சி.பி.4725 என்னும் 12 பிட் டிஏசி (எண்ணை மின்னழுத்தமாக்கும் சில்லு) மின்னழுத்தமாக மாற்றும்; அதை ஆப்-ஆம்ப் என்னும் பெருக்கிச் சில்லு இரண்டு மடங்காக்கி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவுக்கு 0 முதல் 10 வோல்ட் வரையிலான கட்டளையாகக் கொடுக்கும். புரோகிராமில் பிழை ஏதும் இல்லை. டிஏசிக்குப் போகும் எண் 3000 என்றே மாறாமல் இருந்தும், விசிறி மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மல்டிமீட்டரை டிஏசியின் விடிடி காலில், அதாவது அது மின்சாரம் வாங்கும் காலில், வைத்ததும் காரணம் தெரிந்துவிட்டது. அதே பலகையில் இருந்த ரிலேக்கள் (மின்காந்த ஸ்விட்சுகள்) ஓய்ந்திருக்கும்போது 4.99 வோல்ட் காட்டிய மீட்டர், மூன்று ரிலேக்களும் 'டக்' என்று இழுத்த நொடியில் 4.62க்கு இறங்கியது. ஒவ்வொரு 5 வோல்ட் ரிலேயின் சுருளும் ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர் குடிக்கும். இவையெல்லாம் மெல்லிய யூ.எஸ்.பி. கம்பி வழியாக, டிஏசி நிற்கும் அதே 5 வோல்ட் தடத்திலிருந்தே உறிஞ்சின.

மற்ற சில்லுகளுக்கு இந்தச் சரிவு பெரிய விஷயமில்லை. ஆனால் எம்.சி.பி.4725க்குத் அளவுகோலாக ஒரு நிலையான மின்னழுத்தத்தை வாங்கிக்கொள்ளும் தனியான ரெஃபரன்ஸ் கால் கிடையாது. விடிடியையே 4096 பங்காக வகுத்து, நாம் கேட்ட பங்குகளை எண்ணித் தருகிறது. முழம்போடும் கையே சுருங்கினால் பூவின் அளவு என்னாகும்? 3000 என்ற அதே எண்ணுக்கு, இரண்டு மடங்காக்கிய பின் முதலில் 7.31 வோல்ட்டும் சரிவின்போது 6.77 வோல்ட்டும் வந்தன. 10 வோல்ட்டுக்கு 50 ஹெர்ட்ஸ் என்று அமைத்திருந்த டிரைவ், 36.5 ஹெர்ட்ஸிலிருந்து 33.8க்கு விழுந்து எழுந்தது. ஒரு படிக்கு 1.22 மில்லிவோல்ட் என்று 12 பிட் துல்லியத்தைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, அதற்கு அடியில் 370 மில்லிவோல்ட் ஆடும் தரையைப் போடுவது வீண்.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. டிஏசி குடிப்பது ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால், 12 வோல்ட் சப்ளையிலிருந்து நிலையான 5 வோல்ட் தரும் 78எல்05 ரெகுலேட்டர் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கினேன். டிஏசியின் விடிடி காலுக்கு ஒட்டியபடி 0.1 மைக்ரோபாரட் செராமிக் கெப்பாசிட்டரையும், பக்கத்தில் 10 மைக்ரோபாரட் ஒன்றையும் வைத்தேன். இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் அந்தக் கெப்பாசிட்டர் பெயருக்குத்தான் இருக்கும். ரிலேக்களின் கிரவுண்டும் டிஏசியின் கிரவுண்டும் சப்ளையின் முனையில் மட்டுமே சந்திக்கும்படி கம்பியைப் பிரித்தேன். ஆப்-ஆம்பான எல்.எம்.358ஐப் பையன் 12 வோல்ட்டில் ஓட்டியிருந்தது நல்லதாயிற்று. அதன் வெளியீடு தன் சப்ளைக்கு ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுவிடும், 5 வோல்ட்டில் ஓட்டியிருந்தால் 3.5ஐத் தாண்டியிருக்காது.

தனி சப்ளை கொடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புரோகிராம் ஏற்ற யூ.எஸ்.பி.யை மட்டும் செருகி, 12 வோல்ட்டை அணைத்து வைத்தால், அர்டுயினோ டிஏசிக்கு எண்ணை அனுப்பும் ஐ2சி கம்பிகள் வழியாக டிஏசியின் பாதுகாப்பு டயோடுகளுக்குள் மின்சாரம் புகுந்து, சில்லை அரை உயிரில் வைத்திருக்கும். ஈ.எஸ்.பி.32 போன்ற 3.3 வோல்ட் பலகை என்றால் சிக்கல் வேறு: 5 வோல்ட்டில் நிற்கும் டிஏசி, 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் சிக்னலை 'ஒன்று' என்று உறுதியாக ஏற்கும். அங்கே டிஏசியையும் 3.3 வோல்ட்டிலேயே ஓட்டி, ஆப்-ஆம்பின் பெருக்கத்தைக் கூட்டுவது என் வழக்கம்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது வேறு. இந்தச் சில்லு, மின்சாரம் வந்தவுடன் மின்சாரம் போனாலும் அழியாத தன் ஈப்ராம் நினைவகத்தில் உள்ள எண்ணையே வெளியே தருகிறது; ஆலையிலிருந்து வரும்போது அங்கே இருப்பது நடு அளவு. கணவாய்க் காற்றும் மழையும் சேர்ந்து கரண்ட் போய்ப்போய் வரும் ஊரில், ஒவ்வொரு முறை வரும்போதும், மைக்ரோகண்ட்ரோலர் விழித்தெழுமுன் டிரைவுக்குப் பாதி வேகக் கட்டளை போய்விடும். மோட்டாரை ஓடச் சொல்லும், டிரைவின் ஓட்ட முனையைப் பையன் நிரந்தரமாக இணைத்து வைத்திருந்தான். விசிறிக்குள் சிக்கிய சிரட்டையை எடுக்க யாராவது கைவிட்டிருந்தால் என்ன ஆகும்? ஓட்ட முனையைத் தனி ரிலேக்கு மாற்றி, ஈப்ராமில் ஒரே ஒரு முறை பூஜ்யத்தை எழுதினேன். அதை, புரோகிராம் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்புக்குள் எழுதக் கூடாது. ஈப்ராமில் சுமார் 10 லட்சம் முறைதான் எழுத முடியும், நொடிக்குப் பத்து முறை என்றால் 28 மணி நேரத்தில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

பிறகு பெல்ட்டைக் கழற்றி வைத்து, மெயின் ஸ்விட்சை ஐந்து முறை போட்டு அணைத்து, டிரைவின் உள்ளீட்டில் மீட்டர் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலேயே நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் பெல்ட்டை மாட்டச் சொன்னேன்.