நகர மன்றத் தேர்தல் தொகுதிவாரியாக மாறும்போது கலிபோர்னியாவில் நாம் ஏமாறும் இடங்கள்

கலிபோர்னியாவில் உங்கள் நகர மன்றம் தொகுதிவாரித் தேர்தலுக்கு மாறப்போவதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தால், அடுத்த மூன்று மாதங்களுக்குள் இரண்டு விஷயங்கள் முடிவாகிவிடும்: உங்கள் தெரு எந்தத் தொகுதியில் சேரும் என்பதும், நீங்கள் எந்த ஆண்டில் வாக்களிப்பீர்கள் என்பதும். அப்படிப் போட்ட கோடுகள் பெரும்பாலும் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை அப்படியே நிற்கும். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிக்கும் நம்மவர்களில் பலருக்கு இந்தச் செய்தி, எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊர் முழுவதும் ஒரே தொகுதியாக இருந்து எல்லா இடங்களுக்கும் எல்லோரும் வாக்களிக்கும் முறையில், ஒருங்கே வாக்களிக்கும் பெரும்பான்மைப் பிரிவினர் எல்லா இடங்களையும் எடுத்துக்கொள்ள முடியும். 2001 ஆம் ஆண்டின் கலிபோர்னியா வாக்குரிமைச் சட்டத்தின்படி, வாக்குகள் இன அடிப்படையில் பிரிந்து விழுந்து, அதனால் சிறுபான்மையினரின் தெரிவு நசுங்குகிறது என்று காட்ட முடிந்தால் நகரத்தின் மீது வழக்குத் தொடரலாம். கெட்ட நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை. சாண்டா கிளாரா நகரில் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆசிய வம்சாவளியினர் இருந்தும், அதுவரை ஆசிய அமெரிக்கர் ஒருவர்கூட மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கவில்லை. 2018 இல் நீதிமன்றம் ஆறு தொகுதிகளாகப் பிரிக்க உத்தரவிட்டது. அந்த நவம்பரிலேயே ஆசிய அமெரிக்கர் ஒருவர் வென்றார். பாம்டேல் நகரம் எதிர்த்து வழக்காடித் தோற்று, எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு 45 இலட்சம் டாலர் கட்டியது. அதன் பிறகு பெரும்பாலான நகரங்கள், வழக்குத் தொடர்வோம் என்று எச்சரிக்கும் வழக்கறிஞரின் கடிதம் வந்ததும் பணிந்துவிடுகின்றன.

அவசரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கடிதம் கிடைத்த 45 நாட்களுக்குள் நகரம் தீர்மானம் போட்டால், அதன் பின் 90 நாட்களுக்கு வழக்குத் தொடர முடியாது. எதிர்த்தரப்புக்குத் தர வேண்டிய செலவும் ஓர் உச்சவரம்புக்குள் அடங்கும். ஆகவே நகர நிர்வாகத்தின் கவலை முழுவதும் நாட்காட்டியின் மேல்தான் இருக்கும், உங்கள் மேல் அல்ல. 'சட்டம் எங்களுக்கு இதற்கு மேல் அவகாசம் தரவில்லை' என்று அலுவலர்கள் சொன்னால், அதை அப்படியே ஏற்க வேண்டாம். கடிதம் அனுப்பிய தரப்புடன் எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் செய்துகொண்டு, மக்கள் பங்கேற்புக்காக மேலும் 90 நாட்கள் வரை நீட்டிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தைக் கேட்டார்களா என்று கூட்டத்தில் பதிவாகும்படி கேளுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டங்களில் முதல் இரண்டுக்கு யாரும் வருவதில்லை, ஏனென்றால் அப்போது வரைபடமே இருக்காது. 'படம் வரட்டும், பார்த்துவிட்டுப் பேசலாம்' என்று காத்திருப்பவர்கள் பின்னர் வருத்தப்படுகிறார்கள். எந்தக் குடியிருப்பு எதனோடு சேர்ந்திருக்க வேண்டும் என்ற தகவலை வரைபவருக்குக் கொடுக்க வேண்டிய கூட்டங்கள் அவை இரண்டும்தான். எல்லோரும் ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறோம், வாடகை உயர்வு எங்கள் பொதுப் பிரச்சினை, இந்தச் சாலைக்கும் அந்த இரயில் பாதைக்கும் இடையில் இருப்பவர்கள் ஒரே கடைத்தெருவை நம்பியிருக்கிறோம் என்று தெருப் பெயர்களோடு சொல்ல வேண்டும். இன்ன கட்சி, இன்ன வேட்பாளர், இன்ன உறுப்பினர் என்று சொன்னால் அந்தக் கருத்து ஒதுக்கப்படும். சட்டம் அவற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்கிறது.

குடியுரிமை இல்லாதவர்கள் பேச முடியாது என்று ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது, அதைப் பரப்புபவர்களில் அலுவலகத்தாரும் உண்டு. ஒரு நகர மண்டப வாசலில், பச்சை அட்டை வைத்திருந்த எழுபது வயது அம்மா ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர், 'நீங்கள் பதிவு செய்த வாக்காளரா?' என்று கேட்டார். அம்மா இல்லையென்று தலையசைத்ததும் பேசுவோருக்கான சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். 'பரவாயில்லை தம்பி, நான் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்' என்று அவர் பின்வரிசைக்குப் போய்விட்டார். அந்த இளைஞர் செய்தது முழுத் தவறு. பொதுக் கூட்டத்தில் பேச வாக்காளராகவோ குடிமகனாகவோ இருக்க வேண்டியதில்லை. உள்ளே வருவதற்குப் பெயரைப் பதிந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. மேலும், தொகுதிகளைச் சமமாகப் பிரிக்கும்போது எண்ணப்படுவது மொத்த மக்கள்தொகை. எச்1பி விசாவில் இருப்பவரும் அவருடைய மூன்று வயதுக் குழந்தையும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பை நகரமே தரும் என்று நம்பிப் போக வேண்டாம். ஆங்கிலம் போதிய அளவு தெரியாதவர்கள் நகர மக்களில் 3 விழுக்காடாவது இருக்கும் மொழிகளுக்குத்தான் அந்தக் கடமை; நம்மவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் அறிந்தவர்கள் என்பதால், தெரியாத பெற்றோர்கள் கணக்கில் கரைந்துபோகிறார்கள். ஆனால் சொந்த மொழிபெயர்ப்பாளரை, அவர் உங்கள் மகளாகவே இருந்தாலும், அழைத்துச் செல்லலாம். அப்படிப் பேசுபவருக்கு வழக்கமான நேரத்தைப் போல் இரு மடங்கு கொடுக்க வேண்டும் என்பது கலிபோர்னியாவின் திறந்த கூட்டச் சட்டம். உடனடி மொழிபெயர்ப்புக் கருவி இருந்தால் மட்டுமே விலக்கு. மணியடித்து நிறுத்தினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வரைபடங்கள் வெளிவந்ததும், கூடவே வரும் அட்டவணையில் மொத்த மக்கள்தொகை என்ற கட்டத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். 'ஆசியர் பாதிக்குப் பாதி' என்று காட்டப்படும் தொகுதியில், வாக்களிக்கும் வயதுடைய குடிமக்கள் என்ற கட்டத்தில் அந்தப் பங்கு வெகுவாகக் குறைந்திருக்கலாம். புதிதாக வந்தவர்கள் நிறைந்த குடியிருப்புகளில் இந்த இடைவெளி பெரிது. உங்கள் கருத்தில் இரண்டாவது எண்ணையே எடுத்துப் பேசுங்கள். இன்னொன்று: கூட்டத்திலேயே கோட்டை நகர்த்தி அன்றிரவே நிறைவேற்ற முடியாது, திருத்திய வரைபடம் குறைந்தது ஏழு நாட்கள் பொதுப் பார்வையில் இருக்க வேண்டும்.

வரைபடத்தைப் பற்றிச் சண்டையிடுகிறவர்கள், எந்தத் தொகுதி எந்த ஆண்டில் வாக்களிக்கும் என்ற வரிசையை மறந்துவிடுகிறார்கள், எனக்குத் தெரிந்து அதிகம் பேர் ஏமாந்தது இங்கேதான். எல்லாத் தொகுதிகளும் ஒரே ஆண்டில் வாக்களிப்பதில்லை. சன்னிவேலில் 2020 மார்ச்சில் மாற்றம் ஏற்கப்பட்டது. அந்த நவம்பரில் 2, 4, 6 ஆம் தொகுதிகள் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தன, 1, 3, 5 ஆம் தொகுதிகள் 2022 வரை காத்திருந்தன. காத்திருக்கும் தொகுதிக்காரர்கள் அஞ்சலில் வந்த வாக்குச்சீட்டில் நகர மன்றப் போட்டியே இல்லாததைக் கண்டு, சீட்டு தவறு என்று நினைத்து அலுவலகத்தைக் கூப்பிடுகிறார்கள். நகர எழுத்தர் அலுவலகம் மாவட்டத் தேர்தல் பதிவாளரைக் கேட்கச் சொல்லும். பதிவாளர் அலுவலகமோ நகரத்தைக் கேட்கச் சொல்லும். சீட்டு சரிதான், முறை இன்னும் வரவில்லை என்று ஒரு வரியில் சொல்ல அங்கே ஆள் இருப்பதில்லை. வரிசையை முடிவு செய்யும்போது மன்றம் அந்தந்தத் தொகுதி மக்களின் விருப்பத்தையும், வாக்குரிமைச் சட்டத்தின் நோக்கத்தையும் கருத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதனால், எந்தச் சமூகத்துக்காக இந்த மாற்றமே வந்ததோ அந்தத் தொகுதி முதல் தேர்தலிலேயே வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். வரிசை பெரும்பாலும் வரைபடம் ஏற்கப்படும் இரவில், கடைசி அரை மணி நேரத்தில் முடிவாகிறது.

வீடு மாறுபவர்களுக்கும் இதே சிக்கல்தான். குத்தகை முடிந்து சாலைக்கு எதிர்ப்புறம் போனவர், இந்த ஆண்டு வாக்களிக்கும் தொகுதியிலிருந்து இரண்டு ஆண்டு கழித்து வாக்களிக்கும் தொகுதிக்குப் போயிருக்கக் கூடும். மாறியவுடன் வாக்காளர் பதிவையும் மாற்றுங்கள். தொகுதி எண்ணைக் கேட்கும்போது 'நகர மன்றத் தொகுதி' என்று முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். மாவட்ட மேற்பார்வையாளர், பள்ளி வாரியம், நீர் வாரியம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு, தொலைபேசியில் பேசுபவர் கையில் கிடைத்த எண்ணைச் சொல்லிவிடுவார்.

போட்டியிட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வேட்புமனுத் தாள் வாங்கும்போதே நீங்கள் அந்தத் தொகுதியில் குடியிருக்க வேண்டும்; வென்ற பிறகு மாறிக்கொள்ளலாம் என்பது நடக்காது. முன்மொழியும் கையெழுத்துகள் 20 முதல் 30 வரை, அந்தத் தொகுதியின் பதிவு பெற்ற வாக்காளர்களிடமிருந்து வர வேண்டும். நான் அறிந்த ஒருவர் தமிழ்ப் பள்ளி வளாகத்தில் நின்று 22 கையெழுத்து வாங்கினார். அதில் ஆறு பேர் அடுத்த தொகுதிக்காரர்கள். தொகுதிக்கு ஓர் இடம்தான் என்பதால் ஒரு வாக்காளர் ஒருவரைத்தான் முன்மொழிய முடியும், ஆகவே அண்டை வீட்டுக்காரர் ஏற்கெனவே வேறொருவருக்குக் கையெழுத்திட்டிருந்தால் உங்களுக்கு அவர் இடும் கையெழுத்தும் பயன்படாமல் போகலாம். 30 ஐயும் நிரப்பி, கடைசி நாளுக்குச் சில நாட்கள் முன்பே கொடுத்துவிடுங்கள். செல்லாதவற்றை எழுத்தர் சொன்னால் ஈடுகட்ட நேரம் இருக்கும்.

இந்த மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு, அதை ஆதரவாளர்கள் சொல்வதில்லை. முன்பு மன்றத்தின் எல்லா இடங்களுக்கும் வாக்களித்தவர் இனி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் உறுப்பினருக்குத்தான் வாக்களிப்பார். மேயர் பதவி உறுப்பினர்களிடையே சுழலும் நகரமாக இருந்தால், மேயரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கிடையாது. எனினும் சிறிய தொகுதியில் ஒரு வாக்கின் எடை கூடுகிறது. ரிச்மண்ட் நகரின் இரண்டாம் தொகுதியில் 2022 இல் இரு வேட்பாளர்கள் தலைக்கு 1,921 வாக்குகள் பெற்று, வெற்றியாளர் குலுக்கலில் முடிவானார். வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்தும் அதை மேசையிலேயே விட்டுவிட்டவர்கள் அந்தத் தொகுதியில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.