மூக்கின் கூரையில் ஒரு பள்ளம்

“சைனஸ் அடைத்திருப்பது எண்டோஸ்கோப்பிலேயே தெரிந்துவிட்டதே, ஆபரேஷனுக்கு முன் சி.டி. ஸ்கேன் எதற்கு?” என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். நோயைப் பார்க்க மட்டும் அல்ல, கூரையைப் பார்க்கவும்தான்.

மூளையைத் தாங்கும் எலும்புத் தளம்தான் கபால அடித்தளம். நரம்புகளும் ரத்தக் குழாய்களும் போய்வரும் துளைகள் அதில் ஏராளம். அவற்றின் அளவும் வடிவமும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கு இடமும் வலமும்கூட ஒத்துப்போகாது. இரு கண்குழிகளுக்கும் நடுவே மூக்குக்குக் கூரையாக இருப்பது எத்மாய்டு எலும்பின் சல்லடைத் தட்டு. முகர்வு நரம்பிழைகள் இதன் பொடித் துளைகள் வழியாக மேலே ஏறுகின்றன.

இந்தத் தட்டு, பக்கத்திலுள்ள எத்மாய்டு அறைகளின் (சிறு காற்றறைகளாலான சைனஸ்) கூரையைவிடத் தாழ்ந்து பள்ளமாகக் கிடக்கும். கெரோஸ் என்ற உடற்கூறியலாளர் 1962-இல் பள்ளத்தின் ஆழத்தை மூன்று வகையாகப் பிரித்தார்: 1–3 மி.மீ., 4–7 மி.மீ., 8–16 மி.மீ. தாழ்ந்த தட்டையும் உயர்ந்த கூரையையும் இணைப்பது ஒரு செங்குத்தான எலும்புத் தகடு. பள்ளத்தின் ஆழமே அதன் உயரம். கோழிமுட்டை ஓடு சுமார் 0.3 மி.மீ. கனம், இந்தத் தகடோ பெரும்பாலும் அதைவிட மெல்லியது. முன் எத்மாய்டு தமனி அதைத் துளைத்து நுழையும் இடத்தில் 0.05 மி.மீ. வரை தேய்ந்திருக்கும்!

முதல் வகையில் இந்தச் சுவர் இருந்தும் இல்லாததுபோலத்தான். மூன்றாம் வகையில் எத்மாய்டு அறைகளைச் சுத்தம் செய்யும் கருவி சற்றே உட்பக்கம் சாய்ந்தால் போதும், தகடு உடையும்; அதோடு ஒட்டிய மூளையுறையும் கிழியும். பிறகு குனியும்போதெல்லாம் ஒரு பக்க மூக்கில் தெளிந்த நீர் சொட்டும். அதைச் சளி என்று விட்டுவிடக் கூடாது. பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்துக்கான சோதனை செய்தால் அது மூளையைச் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவடத் திரவமா என்று தெரிந்துவிடும். கசிவை அடைக்காவிட்டால் மூளையுறை அழற்சி வரலாம்.

அந்த முன் எத்மாய்டு தமனியையும் ஸ்கேனில் தேடிப் பிடிக்கலாம். முகத்துக்கு இணையாக வெட்டிய கொரோனல் படத்தில், கண்குழியின் உட்சுவரில் சின்ன அலகுபோல் ஒரு கூர்முனை தெரியும். அதற்கும் கூரைக்கும் இடையே காற்று தெரிந்தால் தமனி கூரையை ஒட்டாமல் அந்தரத்தில் ஓடுகிறது என்று பொருள். அங்கே அது அறுபட்டால் கண்குழிக்குள் சுருங்கிக்கொண்டு உள்ளேயே ரத்தம் கசியும். அழுத்தம் ஏறி, உடனே தளர்த்தாவிட்டால் பார்வை போய்விடும்.

ஸ்கேன் அறிக்கையில் “சைனஸ் அழற்சி” என்று மட்டும் எழுதி முடிப்பது போதாது. பள்ளத்தின் ஆழத்தை இருபுறமும் தனித்தனியாக எழுதியே ஆக வேண்டும்.

மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் உள்ள ஸ்பீனாய்டு சைனஸையும் பார்க்க வேண்டும். அதன் நடுத்தடுப்பு பலருக்கு நடுவில் இராது. ஒருபக்கம் வளைந்து, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனியை மூடிய எலும்பில் போய் ஒட்டியிருக்கும். அதை முறுக்கிப் பிடுங்கினால் தமனியே கிழியலாம். வெட்டும் கருவியால் சிறுகச் சிறுகக் கத்தரித்தோ டிரில்லால் தேய்த்தோதான் எடுக்க வேண்டும்.