‘டெய்லர் தேவை’ என்று எழுதும் முன்

திருப்பூரில் அவிநாசி ரோட்டிலோ பல்லடம் ரோட்டிலோ போகும்போது பனியன் கம்பெனி கேட்டுகளைப் பாருங்கள். ‘ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லர்கள் உடனடியாகத் தேவை. கைமடிக்க, செக்கிங் செய்யப் பெண்கள் தேவை. நல்ல சம்பளம்.’ (ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மூன்றும் தையல் மெஷின் வகைகள்.) பக்கத்துக் கம்பெனி போர்டைக் கழற்றி இங்கே மாட்டினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வருடம் முழுக்கத் தொங்கும் அந்த போர்டு வேலை தேடி வருகிறவருக்குச் சொல்வது ஒன்றுதான்: இங்கே ஆள் நிற்பதில்லை.

ஆள் எடுப்பது ஆபீஸ் வேலை, பீஸ் எடுப்பது ஃப்ளோர் வேலை என்று பிரித்து வைத்திருப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போலோ டி-ஷர்ட் ஒன்றுக்கு எஸ்.ஏ.எம். (ஒரு பீஸ் முழுதாகத் தைக்க ஆகும் என்று கணக்கிட்டு வைத்த நேரம்) 12 நிமிடம், லைனில் 30 பேர், ஒரு ஷிப்ட் 480 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 600 பீஸ் வந்தால் 7,200 நிமிட வேலை நடந்திருக்கிறது. செலவான நேரம் 14,400 நிமிடம். எஃபிஷியன்சி 50 சதவீதம். இந்த லைனில் காலர் வைக்க இரண்டு பேர், ஆளுக்கு 300 பீஸ். அதில் ஒருவர் திங்கட்கிழமை வரவில்லை, அப்படியே வேலையை விட்டுவிட்டார். அவர் இடத்தில் உட்காரும் புது ஆள் முதல் வாரம் 150 பீஸ் எடுத்தாலே பெரிது. காலர் மெஷினுக்கு முன்னால் பண்டில் குவிகிறது, பின்னால் இருப்பவர்களுக்குக் கையில் வேலை இல்லை. லைனின் கடைசியில் விழுவது 450 பீஸ்தான். 30 பேரில் ஒரே ஒருவர் மாறியதற்குக் கால் பங்கு உற்பத்தி போய், எஃபிஷியன்சி 37.5 சதவீதத்தில் வந்து நிற்கிறது. சூப்பர்வைசர் ஆளை மாற்றிப் போட்டுக் கொஞ்சம் ஈடுகட்டுவார், ஆனால் ஆல்டர் பீஸ், அதாவது பிரித்துத் திருத்த வேண்டிய பீஸ், அதிகமாகும். அதைவிட மோசமானது அடுத்து வருவது. பீஸ் ரேட்டில் இருக்கும் மற்ற டெய்லர்களுக்கும் அந்த வாரம் கூலி குறைகிறது. சனிக்கிழமை சம்பளத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை இன்னும் இரண்டு பேர் வேறு கம்பெனி கேட்டில் நிற்பார்கள்.

அந்த முதல் ஆள் ஏன் போனார் என்று தேடினால் பெரும்பாலும் விளம்பரத்தில் இருந்த சம்பளத் தொகையில்தான் போய் முட்டும். ‘மாதம் 19,500 வரை’ என்று போட்டிருப்பார்கள். ஷிப்டுக்கு 500 ரூபாய் என்றால் 26 நாளுக்கு 13,000 தான் வரும். 19,500 எப்படி வந்தது? தினமும் ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம், ஒரு நாள் விடாமல் பார்த்தால் வரும் தொகை அது. அந்தக் கணக்கிலேயே தப்பு இருக்கிறது. ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி கொடுக்க வேண்டும், தினமும் நான்கு மணி நேர ஓவர்டைம் எந்த வரம்புக்குள்ளும் அடங்காது. வந்தவர் ஒரு ஷிப்ட் மட்டும் பார்த்தால் 13,000இல் பி.எஃப். 12 சதவீதம் 1,560, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 98 ரூபாய் போக 11,342. மெஸ்ஸுக்கு 2,500 பிடித்தால் கையில் 8,842. பத்தொன்பதாயிரத்தை நம்பி வந்தவருக்கு இது ஏமாற்று வேலையாகத்தான் தெரியும். பிடித்தம் அவர் பேரிலேயே சேர்கிறது என்று அதற்கப்புறம் விளக்கினால் காதில் ஏறாது.

அதனால் விளம்பரத்தில் ‘வரை’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, ரூம், மெஸ் எவ்வளவு, கையில் எவ்வளவு என்று நான்கு வரி போதும். ஷிப்ட் தொடங்கும், முடியும் நேரம், ஓவர்டைம் வாரத்தில் எத்தனை நாள், அது வேண்டாம் என்று சொல்ல முடியுமா, ஞாயிறு லீவா என்பதையும் எழுதுங்கள். போன் வருவது குறையும். கவலைப்பட வேண்டாம், குறைவது மூன்றாம் வாரம் போகப்போகிறவர்களின் போன்தான்.

படம் போடுவதாக இருந்தால் இன்டர்நெட்டில் எடுத்த சிரித்த முகங்கள் வேண்டாம். கேட், லைன், ரூம், கக்கூஸ், ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டு இவற்றைச் செல்போனில் ஒரு நிமிட வீடியோவாக எடுங்கள். பேசுவது லைனில் இருக்கும் டெய்லராக இருக்கட்டும், அவருடைய பேச்சிலேயே. அவரிடம் சம்மதம் வாங்கிவிட்டு எடுங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்களுக்கு இந்தியில் விளம்பரம் கொடுத்துவிட்டு ரூம் விதிகளையும் சம்பளச் சீட்டையும் தமிழில் மட்டும் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. சொன்னது ஒன்று, நடப்பது ஒன்று என்ற எண்ணம் அங்கேயே விழுந்துவிடும்.

பெண்களை எடுக்கும்போது விளம்பரத்தைப் படிப்பது அப்பா அம்மாவும்தான். மூன்று வருடம் முடித்தால் மொத்தப் பணம் என்ற சுமங்கலித் திட்டம் இந்தப் பக்கத்து நூற்பாலைகளுக்குக் கொண்டுவந்த கெட்ட பெயர் இன்னும் ஊர்களில் இருக்கிறது. ‘கடைசியில் தருகிறோம்’ என்ற பேச்சே வேண்டாம். ராத்திரி வண்டி எதுவரை வரும், ஹாஸ்டலில் போன் கையில் இருக்குமா, நினைத்த நாளில் வேலையை விட்டுப் போக முடியுமா, இவைதான் அவர்கள் கேள்விகள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள்ளகக் குழு வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். குழுவில் யார் யார், எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்பது உள்ளே சுவரில் மட்டும் இருந்தால் போதாது. வேலைக்குச் சேரும் அன்றே கையில் ஒரு சீட்டாகப் போக வேண்டும்.

முதல் நாளில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, டிரையல் பார்ப்பது. கைக்குக் கிடைத்த கெட்டித் துணியில் தைக்கச் சொல்லிவிட்டு, லைனில் சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணியைக் கொடுப்பார்கள். அதன் ஓரம் சுருண்டுகொள்ளும், புது ஆள் தடுமாறுவார், எல்லார் முன்னாலும் திட்டு வாங்குவார். ஓடுகிற ஆர்டரின் துணியிலேயே டிரையல் பாருங்கள். இரண்டு, பி.எஃப். விஷயம். பழைய யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) இருக்கிறதா என்று கேட்காமல் புதிதாக ஒன்றைப் போட்டுவிடுவார்கள். ஆதாரில் ஒரு பேர், இங்கே ஒரு பேர் என்று எழுத்து மாறிவிட்டால் பணம் எடுக்கப் போகும்போது சிக்கும். அவசரத்துக்குத் தன் பணம் கிடைக்காதவர், அந்தக் கம்பெனியைப் பற்றி ஊரில் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். சேரும் அன்று பத்து நிமிடம் செலவழித்தால் தீரும் விஷயம் இது.

இந்தத் தொழிலில் ஆள் வருவது இன்றைக்கும் ஆள் சொல்லித்தான். ஆள் சேர்த்துவிட்டால் 2,000 ரூபாய் என்று அறிவித்து, சேர்ந்த அன்றே முழுவதையும் கொடுத்தால் அது ஏஜென்டுகளைத்தான் வளர்க்கும். அதே ஆளை மாதம் ஒரு கம்பெனி மாற்றி அழைத்துப் போவார்கள். 30 நாள் முடிந்தால் 500, 90 நாள் முடிந்தால் 1,500 என்று பிரித்துவிடுங்கள். அப்போது அழைத்து வந்தவரே புது ஆளுக்கு நூல் மாட்டக் கற்றுக்கொடுப்பார், மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார்.

வாய்வார்த்தைக்கு எவ்வளவு பலம் என்பதை 2023 மார்ச்சில் இந்த ஊரே பார்த்தது. வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின, பயத்தில் ஊருக்கு ரயில் ஏறியவர்கள் பலர். அரசு இந்தியில் விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது. அந்த மாதிரி நேரத்தில் வீட்டிலிருந்து போன் வந்தால், ‘எங்கள் கம்பெனியில் பயமில்லை’ என்று சொல்ல வேண்டியவர் அந்தத் தொழிலாளிதான். வேறு யார் சொன்னாலும் வீட்டில் நம்பமாட்டார்கள்.

செலவைக் கணக்கிடும்போது எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணாதீர்கள். கேட் போர்டு, வாட்ஸ்அப், ஏஜென்ட், ஆள் மூலம் என்று வழி வழியாகப் பிரித்து, போன் செய்தவர், நேரில் வந்தவர், சேர்ந்தவர், 90ஆம் நாள் லைனில் இருந்தவர் என நான்கு எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வழிக்குச் செலவான தொகையை 90ஆம் நாள் இருந்தவர்களால் மட்டும் வகுங்கள். ஏஜென்ட் மூலம் 20 பேர் சேர்ந்து 4 பேர் நின்றிருக்கலாம், சொந்த ஆள் மூலம் 6 பேர் சேர்ந்து 5 பேர் நின்றிருக்கலாம். எதற்குப் பணம் போட வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். அதே நோட்டை மாதம் ஒருமுறை புரொடக்‌ஷன் மேனேஜரும் பார்க்க வேண்டும்.

தீபாவளியைத் தனியாகத் திட்டமிடுங்கள். போனஸ் வாங்கி ஊருக்குப் போன பீகார்க்காரர் தீபாவளிக்கு நான்காம் நாள் திரும்புவார் என்று ஷிப்மென்ட் போட்டால் தவறு நம்முடையது. பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகையான சத் பூஜை வருவதே தீபாவளி முடிந்து ஆறாம் நாள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகளில் போகும் டிக்கெட்டோடு, பூஜைக்குப் பிந்தைய தேதியில் திரும்பும் டிக்கெட்டையும், அந்தந்த டிக்கெட்டுக்கு முன்பதிவு திறக்கும் நாள் காலையில் கம்பெனியே போட்டுக் கையில் கொடுத்துவிட வேண்டும்.